மழை லிஸ்ட் வீடு மாறிய கதை

மெயிலிங் லிஸ்ட் ஒழுங்காக ஓடுகிறவரைக்கும் அதற்கு ஓர் அட்மின் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நின்றுபோனால் போதும், அத்தனை பேருக்கும் அவளுடைய போன் நம்பர் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மினாக மாட்டிக்கொண்டவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். அபார்ட்மென்ட் தண்ணீர் குரூப்பாக இருக்கலாம், பள்ளிக்கூட வேன் குரூப்பாக இருக்கலாம், நம் இனம் ஒன்றுதான். யாரும் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வருவதில்லை. கூட்டத்தில் "யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நாம் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தோம், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மழைப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுகிறோம். மலையில் மழை கொட்டினால் பெட்டி அதை அளக்கும். அளவு மீறினால் கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்களின் போனுக்குத் தானாக அழைப்பு போய், தமிழில் ஒரு குரல் எச்சரிக்கும். ஓப்பன் சோர்ஸ் வேலை; அதாவது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். குறை சொல்வதற்கான இடம்தான் மெயிலிங் லிஸ்ட். ஒரு விலாசத்துக்கு மெயில் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும். எங்கள் லிஸ்ட்டில் ஒரு பழக்கம் உண்டு: என்ன தலை போகிற விஷயமாக இருந்தாலும் முதல் வரியில் அவரவர் ஊரில் வானம் எப்படி இருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. இனி யாராலும் நிறுத்தவும் முடியாது.

மூலையில் கிடந்த மெஷின்

இந்த லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் ஆலையின் பழைய மெஷின் ஒன்றில். முன்பு இருந்த மேனேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. அவர் மாற்றலாகிப் போய்விட்டார்; மெஷின் மட்டும் சர்வர் அறை மூலையில் முனகிக்கொண்டு கிடந்தது. புதிதாக வந்தவர் பிரதீப் சார், திருச்சூர்க்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். பாதிக்கு மேல் மலையாளமாகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். வந்த சூட்டோடு, சர்வர் அறையைக் காலி செய்யப் போகிறோம், எல்லாம் வெளியே வாடகை சர்வருக்குப் போகும், ஓண லீவு முடிந்ததும் இங்கே ஒரு மெஷினும் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்த மெஷினில் எங்கள் லிஸ்ட் ஓடுவது அவருக்குத் தெரியாது. ஒளித்து வைத்துப் பயனில்லை என்று அவரை அந்த மூலைக்கே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். மெமோ நிச்சயம் என்றுதான் நினைத்தேன். மனுஷர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மழைப் பெட்டியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஓணம் வரைக்கும் தொட மாட்டேன், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்று கேட்டார்: "அல்ல சுமதி, நமக்குக் கம்பி வேலை அல்லே? மழை வேலை எப்போ தொடங்கி?"

கிரேட்டர், கிரேட்டர்

லிஸ்ட்டில் அதிகம் எழுதுகிறவர் கல்பாத்தி மணி சார். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி சரியாக அளக்கிறதா என்று கணக்குப் பார்க்கும் பகுதி முழுக்க அவர் எழுதியது. தேடினாலும் ஒரு தப்பு கிடைக்காது. அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஒரே ஒரு பழக்கம்தான். பதில் எழுதும்போது அதற்கு முன்னால் வந்த மெயில் ஒன்றையும் வெட்ட மாட்டார். யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பது மொத்தமும் மேலே அடுக்காக நிற்கும். பழைய வரி என்று காட்டுவதற்காக ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கம்ப்யூட்டரே ஒரு குறி போடும், கணக்கில் 'இதைவிடப் பெரியது' என்று காட்டுவோமே, அந்தக் குறி. இத்தனைக்கும் கீழே, கடைசியில், "சரி" என்று மணி சார் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருப்பார்.

எங்களில் இன்னொருவன் பாண்டி, இருப்பது மலைமேல் சூரியநெல்லியில். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். இவனுக்குச் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் போனில் ரூம் பதிவு செய்கிற வேலை. எச்சரிக்கைக் குரல் போனுக்குப் போகிற பகுதி இவன் எழுதியது. ஒரு நாள் அவசரமாக ஒரு சந்தேகம் கேட்கக் கூப்பிட்டேன். பின்னால் ஒரு மெஷின் குரல் மூச்சு விடாமல் "கிரேட்டர், கிரேட்டர், கிரேட்டர்" என்று இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாண்டி அது என்றேன். "மணி சார் மெயில் வாசிக்குதுக்கா. 'சரி' வர இன்னும் கொஞ்ச நேரமாகும்" என்றான்.

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது, பாண்டிக்குக் கண் தெரியாது என்று. சின்ன வயசிலேயே போய்விட்டதாம். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அதைக் காதால் கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமும் எழுதியிருக்கிறான். கண் இரண்டும் நன்றாக இருக்கிற நானே என் புரோகிராமில் ஒரு புள்ளி விட்டுப்போனதைத் தேடி அரை நாள் உட்கார்ந்திருப்பேன், இவன் காதால் பிடித்துவிடுவான். இது லிஸ்ட்டில் ஒருத்தருக்கும் தெரியாதே, சொன்னால் என்ன என்று கேட்டேன். சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். "ரிசார்ட்டுல, பஸ்ஸுல, எங்க போனாலும் எனக்கு முன்னால என் கண்ணு போயி நிக்குதுக்கா. இந்த மெயில்ல மட்டுந்தான் யாரும் என் கையப் பிடிச்சு ரோட்டத் தாண்டி விட மாட்டாக."

லிஸ்ட் இல்லை, ஃபோரம் உண்டு

எங்கள் மழைப் பெட்டியின் தாய்வீடு வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டம். அவர்களுடைய புரோகிராமை எடுத்துத்தான் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கிறோம். அவர்களுக்குச் சொந்தமாக சர்வர் உண்டு, கிளைத் திட்டங்களுக்கு இடம் இலவசம். அதைப் பார்த்துக்கொள்பவர் யோனாஸ், ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில் இருக்கிறார். அவரும் நம் இனம்தான், சம்பளமில்லாத அட்மின். விவரத்தை எழுதினேன். அன்றைக்கே பதில் வந்துவிட்டது: வாருங்கள், மகிழ்ச்சி, ஆனால் புது மெயிலிங் லிஸ்ட் திறப்பதை நிறுத்திவிட்டோம், இனி எல்லோருக்கும் ஃபோரம்தான்.

ஃபோரம் என்பது வெப்சைட்டில் உள்ளே போய்ப் படித்து அங்கேயே பதில் எழுதுவது. பார்க்க லட்சணமாக இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். பாண்டியை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் கூப்பிட்டான். பதில் எழுதுகிற பட்டன், லைக் போடுகிற பட்டன், புகார் செய்கிற பட்டன், எல்லாமே வெறும் படம். ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் சொல்கிறதாம், எதை அழுத்துவது? கீழே போகப் போக மேலே படித்தது மறைந்துபோகிறது. மெயில் வழியாகவே ஃபோரத்துக்குப் பதில் அனுப்பும் வசதி ஒன்று இருந்தது, அதையும் முயன்றிருக்கிறான். அனுப்பிய புரோகிராமில் வரிக்கு முன்னால் விட்ட இடைவெளியை எல்லாம் அது தின்றுவிட்டது. நாங்கள் எழுதுகிற புரோகிராமுக்கு அந்த இடைவெளிதான் உயிர்.

எனக்குக் கோபம் வந்தால் விரல் தானாக ஓடும். பார்வையில்லாத ஒரு பிள்ளையை இப்படி வெளியே தள்ளுகிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று யோனாஸுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அனுப்புவதற்கு முன்னால் பாண்டிக்குப் போனில் படித்துக் காட்டினேன், சத்தியம் செய்து கொடுத்தது ஞாபகம் வந்ததால். முழுக்கக் கேட்டான். கடைசியில் சொன்னான்: "அத அனுப்புனீகன்னா லிஸ்ட் கெடைச்சிரும்க்கா. ஆனா அதுல நான் இருக்க மாட்டேன்."

காரணம் தேடி அலைந்தது

மெயிலை அழித்துவிட்டேன். ஆக, என் தலையில் விழுந்த வேலை இது: ஓணத்துக்குள் லிஸ்ட்டை மெயில் லிஸ்ட்டாகவே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும், ஆனால் பாண்டியின் கண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உண்மையான காரணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். எனக்கோ பொய் சொன்னால் காது சிவந்துவிடும். மெயிலில் காது தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

லிஸ்ட்டில் கேட்டேன்: நமக்கு ஏன் மெயில்தான் வேண்டும், ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்கள். வாட்ஸாப் போதுமே என்று ஒருவர் எழுதினார். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் புரோகிராமைத் தேட எனக்குத் தெம்பில்லை என்று மணி சார் அவரை அடக்கிவிட்டார். மணி சார் சொன்ன காரணம், ஃபோரத்தில் எதற்கு எது பதில் என்று கண்டுபிடிக்க முடியாது என்பது. யோனாஸுக்கு அனுப்பினேன். வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது என்று படத்தோடு பதில் வந்தது.

அகளியில் இருக்கிற ரங்கசாமியண்ணன் அடுத்த காரணம் கொடுத்தார். அவர் விவசாயி, புதுப் பெட்டி எது செய்தாலும் முதலில் அவர் தோட்டத்தில் வைத்துத்தான் சோதிப்போம். வெயிலில் வைப்பார், மாட்டுக்குப் பக்கத்தில் வைப்பார், வேண்டுமென்றே குடத்துத் தண்ணீரைக் கொட்டிப் பார்ப்பார். அந்தப் பெட்டி பிழைத்தால் எங்கேயும் பிழைக்கும். அவர் வீட்டில் போன் பேசலாம், நெட் நிற்காது. சந்தைக்கு வரும்போது மெயில் எல்லாம் இறங்கிவிடும், வீட்டுக்குப் போய் ஆற அமரப் படிப்பார். இது நல்ல காரணம், இதில் யோனாஸ் மடங்கிவிடுவார் என்று நினைத்தேன். நெட் இல்லாமலே படிக்க ஃபோரத்துக்கு ஓர் ஆப் இருக்கிறது என்று மறுநாள் பதில். பொறுமையாக, மரியாதையாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். கோபப்படக்கூட இடம் கொடுக்காத மனுஷர். ரங்கசாமியண்ணனிடம் சொன்னேன், சலித்துக்கொண்டார்: "அந்த யோனாஸ் சாருக்கு வேற வேலை வெட்டி இல்லீங்களா அம்மணி, எதைச் சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருக்கறாருங்க."

ரோபோவுக்கு வணக்கம்

பழைய மெயில்களை மட்டும் கொண்டுவருவதற்காக யோனாஸ் தற்காலிகமாக ஒரு லிஸ்ட் திறந்து கொடுத்தார். முதலில் அதில் வந்து சேரட்டும், பிறகு மொத்தமாக ஃபோரத்தில் கொட்டிவிடலாம் என்பது ஏற்பாடு. அதில் சேர ஒவ்வொருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதமா என்று மெஷின் ஒரு மெயில் அனுப்பும். தலைப்பில் ஒரு நீளமான எண் இருக்கும். அதைத் தொடாமல், ஒன்றும் எழுதாமல், பதில் பட்டனை அழுத்தி அனுப்பினால் முடிந்தது.

எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், ரங்கசாமியண்ணன் மட்டும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்தேன். தலைப்பில் இருந்த எண்ணை அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிட்டு, "சம்மதம் தெரிவித்தல்" என்று எழுதி, உள்ளே: "அகளி: வெயிலுங்க, காத்து ஜாஸ்தி. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க. தங்கள் மெயில் கிடைத்தது. எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. அங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியமுங்களா?" மெஷின், எனக்குப் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. நாம் ஏதோ மரியாதைக் குறைவாக எழுதிவிட்டோம் போலிருக்கிறது என்று, இவர் மன்னிப்புக் கேட்டு அதைவிடப் பணிவாக இன்னொன்று. அதற்கும் அதே பதில். மூன்றாவது மெயிலில் யோனாஸ் சாரின் தாயார் உடல்நிலை வரைக்கும் விசாரித்திருந்தார்.

கூப்பிட்டு விளக்கினேன். அண்ணா, அது மெஷினுங்க, அதுக்கு வணக்கம் தெரியாதுங்க, சும்மா பட்டனை அழுத்துங்க போதும் என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "மெஷினா இருந்துட்டுப் போகட்டுமுங்க. நம்மளை மதிச்சு ஒரு வார்த்தை கேட்டுருக்குது, வெறும் காயிதத்தை எப்படிங்க அம்மணி திருப்பி அனுப்பறது?"

பழைய மழை

அடுத்த கூத்து என்னுடையது. பழைய மெயில்களைப் புது இடத்தில் ஏற்றும்போது, வெளியே அனுப்பாதே என்று ஓர் அமைப்பை முதலில் மாற்ற வேண்டும். எனக்குத் தெரியும். பத்து பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாற்ற மறந்துவிட்டேன். வருஷக்கணக்காகச் சேர்ந்த மெயில் அத்தனையும், புது மெயில் மாதிரி, ஒரே முற்பகலில் எல்லோருடைய போனிலும் போய் விழுந்தது. மணி சார் எப்போதோ தானே கேட்ட கேள்வி ஒன்றுக்குத் தானே விரிவாகப் பதில் எழுதி, கேட்டவர் விஷயம் தெரிந்தவர் என்று பாராட்டியும் இருந்தார்.

அந்தக் குவியலில் நாங்கள் ஆரம்ப நாட்களில் சோதனைக்காக அனுப்பிய எச்சரிக்கைகளும் உண்டு. "அகளியில் கனமழை, பொருட்களைப் பத்திரப்படுத்தவும்." பிறகு நானே கையால் சேர்த்துவிட்டிருந்த ரங்கசாமியண்ணன் சந்தையில் நின்றபடி அதைப் பார்த்திருக்கிறார். தேதியைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், களத்தில் காயப் போட்டிருந்த கடலைக்காயை வீட்டு ஆட்களை விரட்டி விரட்டி அள்ளி உள்ளே போட்டுவிட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. விஷயம் தெரிந்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டு, அவரைக் கூப்பிடத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். போனில் மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம் அவர் குரல்: "ஏனுங் அம்மணி, இத்தனை வருசத்துல உங்க புரோகிராமு சொல்லி மொத மொதல்ல இன்னைக்குத்தானுங்க பலிச்சிருக்குது."

பிழை உறுதி

பழைய மெயில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, வரும் திங்கட்கிழமை ஃபோரத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்று யோனாஸ் எழுதினார். ஆலையில் ஓணப் பூக்கோலத்துக்கு வசூல் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. பாண்டியைக் கூப்பிட்டு, தோற்றுவிட்டேன்டா என்றேன். அவன் "ஃபோரத்துல ஏதாச்சும் தப்பிருந்தா எங்கக்கா சொல்லணும்?" என்று கேட்டான். எல்லாப் புரோகிராமுக்கும் போல அதற்கும் பக், அதாவது பிழை, இருந்தால் ரிப்போர்ட் அனுப்ப ஒரு விலாசம் இருக்கிறது, மெயிலிலேயே அனுப்பலாம் என்றேன்.

அன்று மாலை அனுப்பினான், லிஸ்ட்டுக்கும் ஒரு நகலோடு. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். "சூரியநெல்லி: மூடுபனி, விட்டு விட்டுத் தூறல். பிழை: ஃபோரத்தில் பதில் எழுத முடியவில்லை. செய்து பார்க்கும் முறை: ஃபோரத்தைத் திறக்கவும். ஸ்கிரீன் ரீடரை ஓடவிடவும். திரையை அணைக்கவும். மவுசைத் தொட வேண்டாம். கடைசியாக வந்த கேள்விக்குப் பதில் எழுதவும். எதிர்பார்த்தது: பதில் போய்ச் சேர வேண்டும். நடந்தது: போகவில்லை. அதுவரை மாற்று வழி: மெயிலிங் லிஸ்ட்." கீழே பெயர். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதி அழித்த மெயிலில் மனசாட்சி என்ற சொல் மட்டுமே எத்தனை இடத்தில் வந்தது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

எப்போதும் சுடச்சுடப் பதில் போடும் யோனாஸிடம் இருந்து சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கும் பிறகு வந்தது. "செய்து பார்த்தேன். பதில் பட்டனைத் தேடியே களைத்துப் போனேன். இரண்டாவது முறை எழுதி அனுப்பிவிட்டதாக நினைத்து எழுந்து போய்க் காபி போட்டேன். திரும்பி வந்து திரையைப் போட்டுப் பார்த்தால், என் நண்பர் ஒருவரின் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறேன். பிழை உறுதி செய்யப்பட்டது. நாங்கள் திருத்துகிறோம். உங்கள் லிஸ்ட் மெயிலாகவே இருக்கும். பிழை சரியான பிறகும் வேண்டுமானால் இருக்கும்." நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு என்ன. பாண்டியைக் கூப்பிட்டு, நான் இத்தனை நாள் முட்டி மோதியும் நடக்காததை எப்படிடா சாதித்தாய் என்றேன். "கஷ்டம்னு சொன்னா வருத்தப்படுவாகக்கா. பக்குன்னு சொன்னா சரி பண்ணுவாக."

கை வலி

அந்த ரிப்போர்ட்டின் நகல் எல்லோருக்கும் போயிருந்தது. திரையை அணைக்கவும் என்ற வரியை எல்லோரும் படித்திருப்பார்கள். எங்கள் லிஸ்ட்டில் இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் தனியாகக்கூட.

இரண்டொரு நாள் கழித்து மணி சாரிடம் இருந்து ஒரு மெயில். திறந்தவுடன் ஏதோ பாதி விட்டுப்போய் வந்துவிட்டது என்று நினைத்தேன். "கல்பாத்தி: மேகமூட்டம்." அதன் கீழே, பாண்டி கேட்டிருந்த கேள்வியின் ஒரே ஒரு வரி. அதன் கீழே பதில். அவ்வளவுதான். அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. சார், மெயில் எல்லாம் சுருங்கிவிட்டதே என்று போனில் கேட்டேன். "வயசாச்சோன்னோ, டைப் அடிச்சா கை வலிக்கறது. அதனாலே சுருக்கிட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை, கேட்டயா" என்றார். பழைய மெயில் எல்லாம் பதிலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதை உட்கார்ந்து வரி வரியாக வெட்டுவதற்குத்தான் கை வலிக்கும் என்று எனக்குத் தெரியும், நான் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சரிங்க சார், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதல் மெயில்

ஓணம் முடிந்து ஆலை திறந்த அன்று பழைய மெஷினை நானே அணைத்தேன். பிரதீப் சார் பக்கத்தில் நின்றார். புது விலாசத்தில் லிஸ்ட் திறந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். சர்வர் நிற்குமா விழுமா என்ற பயம் எனக்கு இல்லை. என் பயம் வேறு. யாராவது நல்ல மனசோடு, தம்பி பாண்டி, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, கண் கலங்குகிறது என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்பதுதான். ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், வரிசையாக எல்லோரும் கலங்குவார்கள். அந்தப் பிள்ளை லிஸ்ட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே போய்விடுவான்.

முதல் மெயில் ரங்கசாமியண்ணனிடம் இருந்து. தலைப்பிலேயே "பாண்டி தம்பிக்கு" என்று இருந்தது. போச்சு, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். திறந்தேன். "அகளி: தூறலுங்க. பாண்டி தம்பி, உங்க போன் குரலு ஒரே மழைக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுட்டே இருக்குதுங்க. சோத்துக் கையோட எத்தனை தடவை எந்திருச்சு ஓடறது? ஒருக்காச் சொன்னாப் பத்தாதுங்களா? போன மாசமே சொன்னேன், பாக்கறேன்னீங்க. என்னத்தைப் பாத்தீங்க? இந்த வாரத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கோணும், சாக்குப்போக்கு வேண்டாமுங்க." நான் மெயிலை இரண்டு தடவை படித்தேன். கடைசி வரி வரைக்கும் வெறும் திட்டு.

போன் அடித்தது. பாண்டி. சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, பேச முடியவில்லை அவனுக்கு. பின்னால் ஸ்கிரீன் ரீடர் அதே மெயிலை மறுபடியும் முதலில் இருந்து படித்துக்கொண்டிருந்தது. "கேட்டீகளாக்கா? புது லிஸ்ட்டுல மொத ஏச்சே எனக்குத்தான்."

சர்வரை மாற்றினேன், விலாசத்தை மாற்றினேன், வருஷக்கணக்கான மெயிலைத் தலையில் சுமந்துகொண்டு போய் இறக்கினேன். இத்தனை பாடும் எதற்காக என்று யாராவது கேட்டால், சூரியநெல்லியில் ஒருத்தன் மற்றவர்களைப் போலவே திட்டு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.